அப்பாவின் பி.பி. மிஷினும் என் ஆர்.எக்ஸ். 100-ம்

ஜூன் முதல் வாரம்

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. 1991 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக நின்றிருக்கிறது. டேங்கைத் திறந்தால் பெட்ரோல் இருந்த இடத்தில் வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒட்டிக் கிடந்தது. ஏர் பில்டர் டப்பாவில் எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போவது ஒன்றுதான் நல்ல சகுனம்.

பளபளவென்று பெயின்ட் அடித்து ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க ஓட்டிப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் இதை ஓட்ட வேண்டும். 2.1 கிலோமீட்டர் டிராக். கோயம்புத்தூரின் கார் பந்தய வீரர் கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்து 2003-ல் திறந்தார்கள். நேர் சாலையை விட வளைவு அதிகமுள்ள இடம், சின்ன வண்டிக்குத் தோதானது.

ஆர்.எக்ஸ். 100 பற்றி ஊரில் ஏகப்பட்ட கதை உண்டு. காகிதத்தில் பார்த்தால் 98 சி.சி., 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), நிமிஷத்துக்கு 7500 சுற்றில் 11 குதிரைச் சக்தி, அவ்வளவுதான். ஆனால் எடை 103 கிலோ. 1985 முதல் 1996 வரை இங்கே ஓடிய வண்டிகளில் இது பலவற்றையும் முந்தியதற்குப் பாதிக் காரணம் அந்த எடைதான். மீதிப் பாதி, டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிப்பது.

“135 போர் ஏத்திரு, வேலை முடிஞ்சுது” என்று நாலு பேராவது சொல்லிவிட்டார்கள். உண்மைதான், அதே 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 58 மி.மீ. பிஸ்டன் போட்டால் 132 சி.சி. வந்துவிடும். எனக்கென்னவோ நூறு நூறாகவே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறை. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணன். ஒரு காலத்தில் சோழவரம் ரேஸுக்குப் போகிற வண்டிகளுக்கு வேலை பார்த்திருக்கிறார். பேச்சுக் கொடுத்தால் பதில் வரும், ஆனால் மிஷின் நின்ற பிறகுதான் வரும்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்துப் புது கனெக்டிங் ராடு கிட் போட்டார். அப்புறம் சென்டரில் பிடித்து, கோணலில்லாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முள் ஏறும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுற்று. முள் 0.02 மி.மீ.க்குள் அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் மூன்று டீ குடித்தேன், அவர் வாங்கிக் கொடுத்த ஒன்றும் சேர்த்து.

தேய்ந்த சிலிண்டரை 0.50 மி.மீ. ஓவர் சைஸுக்குப் போர் பண்ணி அகலப்படுத்தியாயிற்று. 50.5 மி.மீ. விட்டம் வைத்துக் கணக்குப் போட்டால் 100.1 சி.சி. வருகிறது. கம்பெனியிலிருந்து வந்தபோது 98 ஆக இருந்த வண்டி, இரண்டு தடவை தேய்ந்த பிறகுதான் பெயருக்கு ஏற்ற மாதிரி நூறாகியிருக்கிறது!

அடுத்தது போர்ட் வேலை. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் வால்வு செய்வதை இதில் சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகள் செய்கின்றன. பிஸ்டன் இறங்கும்போது துளை திறக்கும், ஏறும்போது மூடும். எக்ஸாஸ்ட் துளையின் மேல் விளிம்பை உயர்த்தினால் புகை சீக்கிரம் வெளியேறும், வண்டி மேல் சுற்றில் பாயும், கீழ்ச் சுற்றில் சோம்பும். எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. துளை எந்த டிகிரியில் திறக்கிறது என்று பார்க்க, பழைய சி.டி. ஒன்றின் மேல் 360 டிகிரி வட்டத்தை அச்சடித்து ஒட்டி, கிராங்க் நுனியில் இருக்கும் மேக்னட்டின் நட்டில் மாட்டினேன். கம்பித் துண்டு ஒன்று முள். 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அந்த உயரத்தில் 1 மி.மீ. ஏற்றினால் திறக்கும் பக்கம் 2.3 டிகிரி, மூடும் பக்கம் 2.3, ஆக நாலரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் கூடுகிறது. இரண்டு மி.மீ. எடுக்கலாம் என்று பென்சிலால் கோடு போட்டு அண்ணனிடம் காட்டினேன்.

“எடுக்கறது உங்க கையில இருக்குதுங்க தம்பி. திருப்பி வெக்க முடியுமான்னு பாத்துக்கோங்க.”

ஒரு மி.மீ. எடுத்தேன். மேல் விளிம்பை நேர்கோடாக விடாமல் லேசான வளைவாகவே வைத்து, ஓரங்களை எமரியால் மழுக்கினேன். கூர்மையாக விட்டால் பிஸ்டன் ரிங் வெளியே பிதுங்கி அதில் மாட்டி உடையும். மற்றத் துளைகளில் வார்ப்படப் பிசிறைத் தவிர எதையும் தொடவில்லை.

ஆகஸ்ட் 10

வண்டி ஸ்டார்ட் ஆகி ஒரு வாரம். கம்பெனி சைலன்சர்தான் மாட்டியிருக்கிறேன். லிட்டருக்கு 33 மில்லி டூ டி ஆயில், அதாவது முப்பதுக்கு ஒன்று. புது என்ஜின் பழகும் வரை ரன்னிங் இன் என்று பொறுமையாகத்தான் ஓட்டினேன். ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சுற்று உடனே இறங்காது. இரண்டு மூன்று நொடி மேலேயே நின்று யோசித்துவிட்டு இறங்கும். கேபிள் இறுக்கமாக இருக்கும் என்று நினைத்து எண்ணெய் விட்டேன்.

இன்று காலை நீலாம்பூர் தாண்டி, எழுபது வேகத்தில், “கிண்” என்று மெலிதாக ஒரு சத்தம். அடுத்த நொடி பின் சக்கரம் நின்றுவிட்டது. இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருந்ததால் பிழைத்தேன். ஓரம் கட்டி, புளிய மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறினதும் கிக்கர் இறங்கியது. நூறு சி.சி. ஆகி முழுசாக 140 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

ஆகஸ்ட் 11 முதல் 17 வரை

சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்ற ஸ்பானரை எடுத்தபோது அண்ணனுக்குப் போன் பண்ணினேன். “தொடாதீங்க. பிரிச்சா சாட்சி கலைஞ்சு போயிரும்” என்றார். காற்று எங்கே புகுகிறது என்று முதலில் பார்க்கச் சொன்னார்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகும். அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் கிராங்கின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். கிளட்ச் பக்க ஆயில் சீல் ஒழுகினால் கியர் ஆயில் உள்ளே வந்து வெள்ளைப் புகை கிளம்பும், தெருவே சொல்லிவிடும். மேக்னட் பக்கச் சீல் ஒழுகினால் வெளியே எதுவும் தெரியாது. கார்புரேட்டருக்குத் தெரியாமல் திருட்டுக் காற்று புகுந்து, கலவை வறண்டு, பெட்ரோலோடு வரவேண்டிய எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை விட்டும் சுற்று இறங்காமல் நின்றதே, அதுதான் அறிகுறி. நான் கேபிளுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன்.

சோதனைக்கு 5 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். அந்த அளவுக்கு மெதுவாக ஏற்றிப் படிக்க ஒரு கருவி வேண்டும். ஷெல்பில் அப்பாவின் பழைய பி.பி. மிஷின் இருந்தது, ரப்பர் பல்பும் வட்ட மீட்டரும் உள்ளது. 5 பி.எஸ்.ஐ. என்பது அந்த மீட்டரில் ஏறக்குறைய 260. வீட்டிலேயே இருந்திருக்கிறது!

எக்ஸாஸ்ட் வாயில் சைக்கிள் டியூப் துண்டை வைத்து மேலே தகடு போட்டு இறுக்கினேன். கார்புரேட்டர் ரப்பரில் துளை போட்ட மரக்கட்டை, அதில் பி.பி. குழாய். துளைகள் எல்லாம் திறந்திருக்கும்படி பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தேன். பல்பை அமுக்க அமுக்க முள் ஏறியது. 260-ல் நிறுத்தினேன். நல்ல என்ஜினில் நிமிஷத்துக்கு 50 இறங்கினாலே அதிகம். இதில் பத்து நொடியில் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. மேக்னட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரைத் தடவி மறுபடி அமுக்கினேன். கிராங்க் நுனியைச் சுற்றி, குழந்தை எச்சில் ஊதுகிற மாதிரி, குட்டிக் குட்டியாகக் குமிழ்.

சீலைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் உதட்டின் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருக்கிறது, அதைச் சுற்றி ஓடும் மெல்லிய ஸ்பிரிங் கழன்று கிடக்கிறது. புதுச் சீல்தான். கிரீஸ் தடவாமல், சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றியது அடியேன். போர்ட்டில் அரை டிகிரிக்கு மல்லுக்கட்டிய அதே கை.

பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் விரல் அகலத்துக்கு உராய்வு. சிலிண்டர் 0.75-க்குப் போகிறது. மிச்சமிருப்பது 1.00 மட்டும், அதற்கப்புறம் உள்ளே புதுக் குழாய் (ஸ்லீவ்) ஏற்ற வேண்டியதுதான்.

அம்மாவுக்கு பி.பி. மிஷின் விவகாரம் பிடிக்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயந்தரம் கையில் பட்டையைச் சுற்றும்போது முகர்ந்து பார்த்துவிட்டு, “உன் வண்டிக்கு எவ்வளவு இருந்துச்சு?” என்றார். “260-ங்கப்பா, நிக்க மாட்டேங்குது.” “எனக்கு நின்னுக்குது, அதுதான் பிரச்சினை.”

செப்டம்பர்

புதுச் சீலுக்கு உதட்டில் கிரீஸ், கிராங்க் நுனியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி அதன் மேல் நழுவ விட்டேன். இப்போது 260 ஏற்றினால் ஐந்து நிமிஷம் கழித்தும் 245. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று சால்டர் ஈயம் வைத்துப் பார்த்தேன். 2 மி.மீ. ஈயக் கம்பியை பிஸ்டன் பின் இருக்கும் திசையிலேயே இரண்டு ஓரத்திலும் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் நசுங்கும். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். 1.6 மி.மீ. வந்தது. ஹெட்டை லேத்தில் 0.5 மி.மீ. சீவி 1.1-க்குக் கொண்டுவந்தோம். இன்னும் குறைக்கலாம்தான், ஆனால் பிஸ்டன் பிடித்துக்கொண்ட ஞாபகம் இன்னும் சூடாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கையும் ஒரு எண் குளிர்ச்சியானதாக மாற்றிவிட்டேன். என்.ஜி.கே.யில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி.

பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்து சக்கரம் பக்கவாட்டில் ஆடியது. கன்மெட்டலில் கடைந்து போட்டாயிற்று. முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் புது ஆயில், ஸ்பிரிங் மேல் 20 மி.மீ. பி.வி.சி. பைப் துண்டு. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு பெட்ரோல் காசுதான், வண்டியில் தெரியும் வித்தியாசமோ என்ஜின் வேலையை விட அதிகம்.

அக்டோபர், நவம்பர்

அடுத்தது சேம்பர், அதாவது டிராக்குக்கான தனி சைலன்சர். சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் தடுப்பை உருவிவிட்டுத் தெருவை எழுப்புவதைச் சிலர் டியூனிங் என்கிறார்கள். சத்தம் வேறு, இழுவை வேறு. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வடிவமே வேலை செய்கிறது. எக்ஸாஸ்ட் துளை திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, பின்பக்கக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடும் புதுக் கலவையைத் துளை மூடுவதற்குள் திருப்பித் தள்ள வேண்டும். 8500 சுற்றில் துளை 180 டிகிரி திறந்திருப்பதாக வைத்தால் அதற்கு ஆகும் நேரம் 3.5 மில்லிசெகண்ட். சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஓடும். போக வர 176 செ.மீ., ஒரு வழிக்கு 88 செ.மீ. இதை வைத்துக்கொண்டு கூம்புகளைக் காலண்டர் அட்டையில் வெட்டி ஒட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, பின் 1 மி.மீ. தகட்டில் வெட்டி காஸ் வெல்டிங் வைத்தோம். மூன்றாவது கூம்பு கால் வைக்கும் இடத்தில் இடித்ததால் இரண்டு முறை வெட்டி ஒட்டியது. வெல்டிங் அழகாக இல்லை. அடிப்பக்கம் போனதால் யாருக்கும் தெரியாது.

இது டிராக்குக்கு மட்டும். ஆர்.சி.யில் இருக்கும் கம்பெனி அமைப்பை மாற்றி ரோட்டில் ஓட்டக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே வண்டி செட்டிபாளையத்துக்குக் குட்டியானையில்தான் போகும்.

டிசம்பர்

முதல் நாள் டிராக்கில், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரியதாகப் போட்டு ஆரம்பித்தேன். முழு ஆக்ஸிலேட்டரில் நேர்ப்பாதையின் கடைசி வரை போய், சாவியை அணைத்து, அதே நொடியில் கிளட்சைப் பிடித்து, உருட்டி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. முதலில் கரி. ஒரு எண் குறைத்தேன், இன்னும் கருப்பு. மேலும் ஒரு எண் குறைத்ததும் கருப்பட்டிக் காபி நிறம் வந்தது. இன்னொரு எண்ணும் குறைத்தால் இன்னும் பாயும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

6000-க்குக் கீழே மொபெட் மாதிரிதான் இருக்கிறது. 6500-ல் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல ஒரு உதை, 9000 வரை குறையவில்லை. ஹேர்பின்னில் (கொண்டை ஊசி வளைவு) என்ஜின் சுற்று விழுந்துவிட்டால் கிளட்சை லேசாக நழுவவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். நாலு கியரும் எனக்குப் போதவில்லை. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பார்த்ததில் கடைசி செஷனில் முதல் செஷனை விட டிராக்கை ஒருமுறை சுற்றிவர நாலு நொடி மிச்சம். அதில் எவ்வளவு வண்டி, எவ்வளவு நான் என்று பிரிக்கத் தெரியவில்லை.

பிரேக்தான் விட்டுக்கொடுத்தது. முன்னால் 130 மி.மீ. டிரம். டிராக்கின் ஐந்தாவது சுற்றில் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்தது, ஹேர்பின்னில் நேராக மண்ணுக்குள் போய்த் திரும்பி வந்தேன். பிரித்துப் பார்த்தால் லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, அதுவும் நடுவில் மட்டும். ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒத்துப்போகவில்லை, பாதிப் பரப்பு டிரம்மைத் தொடவே இல்லை.

மிருதுவான லைனிங் ஒட்டி, டிரம்மின் அளவுக்கே லேத்தில் கடைந்து தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். ஷூ இரண்டும், டிரம்மும், சக்கரத்தோடு சேர்த்துப் பட்டறையில் கிடக்கின்றன. புதன்கிழமை வரச் சொன்னார்.