ஐந்து நாள் சர்வர் பயிற்சியில் எதற்கு நேரம் ஒதுக்குவது

கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு நெட்வொர்க் சர்வர் நிர்வாகத்தில் குறுகிய காலப் பயிற்சி அளிப்பதைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பெரும்பாலும் ஐந்து நாள் கிடைக்கும். சில இடங்களில் மூன்று நாள்தான் தருவார்கள். வருபவர்கள் துறைக்குப் புதியவர்கள் அல்லர். கடவுச்சொல்லை மாற்றித் தருவது, பிரிண்டரை இணைப்பது, புதிய கணினியில் மென்பொருள் ஏற்றுவது என்று நாள் முழுவதும் பிறருக்காக ஓடிக்கொண்டிருப்பவர்கள். ஒரு நாள் பழைய அட்மின் வேலையை விட்டுச் செல்கிறார். சர்வர் அறையின் சாவியும் கடவுச்சொற்கள் எழுதிய தாளும் இவர்கள் கைக்கு வருகின்றன. அதன் பிறகே பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார்கள்.

நானும் அந்த வழியில் வந்தவன்தான். நான் சென்ற முதல் பயிற்சியில் ஐந்தில் நான்கு நாள் நிறுவுவதிலேயே கழிந்தது. திரையில் வரும் ஒவ்வொரு படியையும் பார்த்து அடுத்தது, அடுத்தது என்று அழுத்தினோம். எல்லாம் சரியாகவே ஓடியது. அலுவலகம் திரும்பிய இரண்டாம் வாரம், யார் எப்போது நிறுவினார் என்றே தெரியாத ஒரு சர்வர் நின்றது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றினேன். மூன்று மணி நேரம் கழித்து, முதலில் இருந்த கோளாறு எது, நான் உண்டாக்கிய கோளாறு எது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த நாள் இன்னும் மனத்தில் இருப்பதால், என் பயிற்சியில் நிறுவுவதற்கு அரை நாளுக்கு மேல் கொடுப்பதில்லை. மிச்சமுள்ள நேரம் முழுவதும், ஓடிக்கொண்டிருந்து நின்றுபோன சர்வரின் முன்னால்தான் கழிகிறது.

இதற்குப் பெரிய வசதிகள் தேவையில்லை. 16 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினியில் மூன்று வெர்ச்சுவல் மெஷின்கள் (மென்பொருளால் உருவாக்கும் கணினிகள்) தாராளமாக ஓடும். ஒன்று சர்வர், ஒன்று பயனர் கணினி, மூன்றாவது எதுவும் ஏற்றப்படாத வெறும் மெஷின். மூன்றாவது எதற்கு என்பது நான்காம் நாள்தான் தெரியவரும். இருவருக்கு ஒரு கணினி என்று உட்காரவைக்கிறேன். ஒருவர் விசைப்பலகையில் இருக்கும்போது மற்றவர் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: மணி என்ன, கண்டது என்ன, மாற்றியது என்ன, அதனால் நடந்தது என்ன. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதனால் பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். முதல் நாள் இந்த விதி எரிச்சலூட்டுவதாக இருக்கும். இரண்டாம் நாள் மாலைக்குள், தாங்கள் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்து அவர்களே விடையைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதல் நாள் பிற்பகல் டிஹெச்சிபி, அதாவது நெட்வொர்க்கில் சேரும் கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை. கணினி கேட்கிறது, சர்வர் ஒரு முகவரியைத் தர முன்வருகிறது, கணினி அதையே வேண்டுகிறது, சர்வர் உறுதி செய்கிறது என்ற நான்கு படிகளும் எல்லாருக்கும் தெரிந்தவையே. ஆகவே விளக்கம் சொல்லாமல், அந்தச் சேவையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறேன். உடனே எதுவும் நடப்பதில்லை. ஒரு முகவரியைக் கணினி வைத்துக்கொள்ள சர்வர் தரும் குத்தகைக் காலம் 8 மணி நேரம் என்றால், கணினிகள் 4 மணி நேரத்தில்தான் புதுப்பிக்க முயலும். பதில் வராவிட்டால் 7 மணி நேரத்தில் எந்த சர்வராவது இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்கும். 8 மணி நேரம் முடிந்த பிறகே முகவரியை இழக்கும். ஆக, காலையில் நின்ற சேவையின் விளைவு மாலையில் ஒவ்வொருவராக விழுவதில்தான் தெரியும். பயிற்சியில் குத்தகையைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிடுவதால் அந்த மாலையை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பயனர் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குவதைக் கண்டால் அது சர்வரிடமிருந்து வந்ததன்று, எந்தப் பதிலும் கிடைக்காமல் கணினி தானே சூட்டிக்கொண்டது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் மறப்பதில்லை. இதற்கு நேர்மாறான கோளாறையும் செய்து காட்டுகிறேன். யாரோ ஒருவர் வைஃபை வேண்டுமென்று ஒரு சிறிய ரௌட்டரைக் கொண்டுவந்து சுவரில் உள்ள நெட்வொர்க் முனையில் செருகிவிடுகிறார். அந்த ரௌட்டரும் முகவரி வழங்கத் தொடங்குகிறது. சிலருக்கு இணைப்பு இருக்கும், சிலருக்கு இருக்காது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த முகவரியை உனக்குக் கொடுத்தது யார் என்பதே. அதற்கான பதில் பயனர் கணினியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐபி முகவரிக்குப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கமாண்ட்) போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பது இரண்டு பயிற்சிகளில் பிடிபட்டுவிடும். ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். ஒரு சர்வரை வேறு முகவரிக்கு மாற்றப் போகிறோம், அதன் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல், அதாவது வாங்கிய பதிலைப் பிறர் வைத்துக்கொள்ளும் கால அளவு, 86400 விநாடி என்றால், மாற்றிய பின்னும் ஒரு நாள் வரை பழைய முகவரியே பலரிடம் தங்கியிருக்கும். அதை 300 விநாடியாகக் குறைப்பது நல்லதுதான். ஆனால் மாற்றும் வேளையில் குறைத்துப் பயனில்லை. ஒரு நாள் முன்னதாகவே குறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பழைய மதிப்பை வாங்கி வைத்திருப்பவர்கள் அது தீரும்வரை மறுபடி கேட்கமாட்டார்கள்.

கடிகாரம் இன்னொன்று. அலுவலகத்தின் பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரியில் உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறை, இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் நேர வேறுபாட்டை ஏற்பதில்லை. ஒரு கணினியின் நேரத்தை 7 நிமிடம் தள்ளி வைத்துவிட்டால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே செல்ல முடியாமல் போகும். கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிப் பார்த்த பிறகு யாராவது ஒருவர் திரையின் மூலையில் உள்ள மணியைக் கவனிப்பார்.

நான் அதிக நேரம் கொடுப்பது டிஸ்க் நிரம்பும் பயிற்சிக்கு. கடந்த முறை நடந்ததைச் சொல்கிறேன். உதவி மையத்தில் பத்தாண்டு அனுபவம் உள்ள ஒருவரும், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டே ஆன ஒரு பெண்ணும் ஒரே மேசையில் இருந்தார்கள். 20 ஜிபி டிஸ்க் உள்ள லினக்ஸ் சர்வர். வலைச் சேவை எதையும் எழுத முடியாமல் நின்றுவிட்டது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கமாண்ட், 100 சதவீதம் நிரம்பிவிட்டது என்கிறது. கோப்புகள் பிடித்திருக்கும் இடத்தைச் சொல்லும் டியூ கமாண்டைக் கோப்புறை கோப்புறையாகப் போட்டுக் கூட்டினால் 9 ஜிபிதான் வருகிறது.

“சார், பாதிக்கு மேல் காணவில்லை. டிஸ்க்கே பழுதா?”

“அதற்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டு கமாண்டும் எதை எண்ணுகின்றன என்று முதலில் பாருங்கள்.”

மூத்தவர் ரீபூட் செய்துவிடலாம் என்றார். செய்திருந்தால் இடம் திரும்பியிருக்கும், சேவையும் ஓடியிருக்கும். காரணம் மட்டும் தெரியாமலே போயிருக்கும். அந்தப் பெண் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே, “டியூ பெயர்களைப் பின்தொடர்ந்து எண்ணுகிறது, டிஎஃப் கோப்பு முறைமையைக் கேட்கிறது, அப்படியானால் பெயரில்லாத ஏதோ ஒன்று இடத்தைப் பிடித்திருக்கிறது” என்றார். எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அதுதான் விடை. லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு. கோப்பை அழிக்கும்போது பெயர் மட்டுமே நீங்குகிறது. ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த சேவையின் லாக் கோப்பை (நடப்பவற்றை அது பதிந்துவரும் கோப்பு) 11 ஜிபி வரை வளரவிட்டு, நான் முன்னதாகவே அழித்து வைத்திருந்தேன். சேவை அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. எல்எஸ்ஓஎஃப் கமாண்ட் மூலம் திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டபோது, அழிக்கப்பட்டது என்ற குறிப்புடன் அது வந்து நின்றது. சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தார்கள். 11 ஜிபி திரும்பியது.

ஆனால் அத்துடன் எழுந்துபோக விடுவதில்லை. பயன்பாட்டில் உள்ள லாக்கை அழிக்கக் கூடாது, பெயரை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் காலிசெய்ய வேண்டும் என்பதையும், அந்த நிலையே வராதபடி, பழைய லாக்குகளைத் தானாக ஒதுக்கி நீக்கும் லாக்ரொட்டேட் அமைப்பில் அளவும் நாளும் குறிக்க வேண்டும் என்பதையும் அவர்கள் தங்கள் கையால் செய்துமுடிக்க வேண்டும். இதன் தம்பி போன்ற இன்னொரு கோளாறும் உண்டு: டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கும், ஆனாலும் இடமில்லை என்ற பிழைச்செய்தி வரும். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்து, கோப்புக்கு ஒன்று தேவைப்படும் பதிவிடங்களான ஐநோடுகள் தீர்ந்துபோன நிலை அது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அவற்றின் எண்ணிக்கை, டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது.

மூன்றாம் நாள் ஃபயர்வால், அதாவது எந்த இணைப்பை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்பவர் எவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது தன்னைத்தானே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டிருப்பார். எஸ்எஸ்ஹெச் இணைப்பு வரும் வாசலான 22ஆம் போர்ட்டை அனுமதிக்கும் விதியை எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் தடுக்கும் விதியை எழுதினால் போதும், அடுத்த எழுத்தை அடிக்க முடியாது. இதைப் பயிற்சியறையில் செய்து பார்த்து, கையிலிருந்து இணைப்பு நழுவும் அந்தக் கணத்தை உணர வேண்டும் என்று விரும்புகிறேன். அதன் பிறகு சொல்லும் பாடம் உடனே ஒட்டிக்கொள்கிறது: விதிகளை மாற்றும் முன், 5 நிமிடம் கழித்துப் பழைய விதிகள் தானாகத் திரும்பும்படி ஒரு வேலையைக் குறித்து வையுங்கள், மாற்றம் சரியாக அமைந்து, இன்னொரு டெர்மினலில் புதிதாக உள்ளே வர முடிகிறது என்று உறுதியான பின் அதை ரத்து செய்யுங்கள். சிஸ்கோ ரௌட்டர்களில் ரீலோட் இன் 5 (5 நிமிடம் கழித்து ரீபூட் ஆகு) என்று கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவதும் இதே காரணத்தால்தான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் நின்றபோது, பராமரிப்புப் பணியில் கொடுக்கப்பட்ட ஒரு கமாண்டால், டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க் அறுந்து, டிஎன்எஸ் சர்வர்களும் உலகத்துக்குத் தெரியாமல் போயின. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்கள் உள்ளே வரும் பாதையும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் நேரில் செல்ல வேண்டியதாயிற்று. சர்வர் அறைக்குள் செல்லாமலே உள்ளே வர இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா என்ற கேள்வியை, அளவில் எவ்வளவு சிறிய அலுவலகமானாலும், அட்மின் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் முழுவதும் பேக்கப். பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்தீர்கள் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை) இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு 5 காப்பாற்றும். தவறாக அழித்த கோப்பையும் பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பூட்டிய கோப்பையும் அது எல்லா டிஸ்க்கிலும் அதே விநாடியில் அதே நிலைக்குக் கொண்டுபோகும். ஒரு கணத்தின் நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டும் அந்த சர்வரின் டிஸ்க்கிலேயே இருந்தால் பேக்கப் ஆகாது.

அன்று ஒவ்வொரு மேசைக்கும் மூன்று பேக்கப் கோப்புகளைத் தருகிறேன். ஒன்று சரியானது. இன்னொன்று, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் கோப்புகளை நேரடியாக நகலெடுத்தது. அளவு சரியாக இருக்கும், திறந்தால் உள்ளே முரண்பாடு. மூன்றாவது, ஒவ்வொரு இரவும் தவறாமல் உருவான, 0 பைட் அளவுள்ள கோப்பு. முதல் நாளிலிருந்து சும்மா இருந்த மூன்றாவது மெஷினில் இவற்றிலிருந்து சர்வரை எழுப்ப வேண்டும். ஜன்னலோர மேசையில் ஒருவர் அந்த 0 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, எங்கள் அலுவலகத்தில் கோப்பு உருவான தேதியை மட்டும்தான் பார்ப்போம் என்று மெதுவாகச் சொன்னார். அவரைத் தேற்ற, நிரல் குறியீடுகளைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனம் தானே வெளிப்படையாக எழுதிய நிகழ்வை விளக்கினேன். 2017 ஜனவரி 31 அன்று, களைத்திருந்த ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது, டேட்டாபேஸின் பதிப்பு 9.6 ஆக இருக்க, பேக்கப் நிரல் 9.2 ஆக இருந்ததால் அது நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் சென்று சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் இருந்ததால் மீண்டார்கள். அந்த நிறுவனம் பொறியாளரைக் குற்றம் சொல்லாமல், நடந்ததை வரிசையாக எழுதி உலகத்தின் முன் வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். தவறை மறைக்கும் அலுவலகத்தில் எந்தக் குறிப்பேடும் உண்மையாக இருக்காது.

ஐந்தாம் நாள் நான் எதையும் கற்பிப்பதில்லை. ஒரு மேசை கெடுத்து வைத்ததை அடுத்த மேசை சரிசெய்ய வேண்டும். பிறர் கண்டுபிடிக்கும்படி கோளாறு வைக்க, சேவை ஓடும் விதம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அன்று காலையில்தான் பலர் கையேட்டை உண்மையாகப் படிக்கிறார்கள்.

மூன்று நாள்தான் தருவோம் என்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பது ஃபயர்வாலையும் டிஎன்எஸ்ஸையும். பேக்கப் நாளை விட்டுக்கொடுப்பதில்லை. பயிற்சி முடிந்து 30 நாளுக்குள், அவரவர் அலுவலகத்தில் உள்ள ஏதாவது ஒரு சர்வரை அதன் பேக்கப்பிலிருந்து வேறொரு மெஷினில் எழுப்பி, அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்கிறேன். எல்லாரும் அனுப்புவதில்லை. ஜன்னலோர மேசையில் இருந்தவர் இருபத்தாறாம் நாள் அனுப்பியிருந்தார். ரீஸ்டோருக்கு அரை மணி நேரம் ஆகும் என்று அவருடைய மேலாளர் நம்பிக்கொண்டிருந்தாராம். பக்கத்தின் முதல் வரியில் காலை 10.05, கடைசி வரியில் பிற்பகல் 2.20 என்று இருந்தது. அதன் கீழே, மேலாளரின் கையெழுத்தும் தேதியும் இருந்தன.