விமானி ஏன் பேசவில்லை?

சக்கரங்கள் உள்ளே மடங்கும் சத்தம் கேட்டது. அடுத்த நொடியே பெரிய உலுக்கல். சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. எனக்கு முதல் வரிசை இருக்கை என்பதால், எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பணிப்பெண்கள் இருவரையும் நன்றாகக் கவனிக்க முடிந்தது. தோள்பட்டையோடு சேர்த்து பெல்ட் போட்டு, முதுகை இருக்கையோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ அழைப்பு மணியை அடித்துக்கொண்டே இருந்தார். அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும் ஒலிபெருக்கியில், "யாரும் எழ வேண்டாம், பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

"விமானி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?" என்று பக்கத்து இருக்கைக்காரர் பொருமினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுவாக 10,000 அடி தாண்டும்வரை விமானி அறையில் பறத்தலுக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாது என்பது விதி. முதலில் விமானத்தைப் பறக்க வைக்க வேண்டும், பிறகு திசை, அதற்கப்புறம்தான் பேச்சு. அதிலும் தரையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் பிறகுதான் நம்முடைய முறை வரும்.

அந்த நேரத்தில் விமானிகளுக்கு வேலை தலைக்கு மேல். மூக்குப் பகுதியில் இருக்கும் ரேடார், மழையின் வலுவைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் காட்டும். அது பார்ப்பது பெரும்பாலும் நீர்த்துளிகளை. உலர்ந்த ஆலங்கட்டி அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அதனால் கடுமையான இடிமேகத்துக்கு 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டராவது விலகிப் போகச் சொல்கிறார்கள். உயரத்தில் அது சுலபம். கிளம்பிய கையோடு எங்கே விலகுவது? சுற்றிலும் ஏறும் விமானங்கள், இறங்கும் விமானங்கள். அனுமதி கேட்டுத்தான் திரும்ப வேண்டும். வேகத்தையும் குலுக்கலுக்கென்று வகுத்த அளவில் வைக்க வேண்டும். கூடினால் இறக்கைக்குச் சுமை, குறைந்தால் தூக்குவிசை போய்விடும். மின்னலில் கண் கூசாமலிருக்க அறை விளக்குகளையும் பளிச்சென்று எரிய விடுவார்கள்.

மின்னலைவிட மோசமானது, மேகத்திலிருந்து கொட்டித் தரையில் சிதறும் காற்று. முதலில் எதிர்க்காற்றாக வந்து தூக்கும், பிறகு கீழே அழுத்தும், உடனே பின்காற்றாக மாறி வேகத்தைப் பிடுங்கிவிடும். 1982 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கிளம்பிய பான் ஆம் நிறுவனத்தின் 759 என்ற விமானம் இதில் சிக்கி விழுந்தது; தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 153 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான், முன்னாலேயே எச்சரிக்கும் கருவிகள் விமானங்களுக்கு வந்தன. சிக்கிக்கொண்டால் எஞ்சினுக்கு முழு விசை, மூக்கு மேலே. ஆபத்து தாண்டும்வரை சக்கரத்தையும், இறக்கையில் நீட்டி மடக்கும் பலகைகளையும் (ஃபிளாப்) தொடக் கூடாது.

எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. விமானம் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து திரும்பியது, கொஞ்ச நேரத்தில் வெயில் வந்தது. அப்புறம்தான் விமானியின் குரல்: மேகத்தைச் சுற்றிப் போகிறோம், கொஞ்சம் தாமதமாகும். அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரர் உடனே காபி கேட்டார். சூடாக எதுவும் இப்போதைக்குக் கிடையாது என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார் பணிப்பெண். மறுபடி குலுங்கினால் கொதிக்கும் காபி யார் மடியில் கொட்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன!