போஸ்ட் கார்டும் பென்டிரைவும்

முகம் தெரியாதவர்கள் பெயர் சொல்லாமல் போஸ்ட் கார்டில் எழுதி அனுப்பும் ரகசியங்களை வெளியிடும் போஸ்ட்சீக்ரெட் வலைத்தளம் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, நானே எழுதிவிடுகிறேன். திருச்சிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் டிசைன் மென்பொருள் சொல்லிக்கொடுப்பவள் நான். மனசு சரியில்லை என்றால் "ஏதாவது வரைந்து பாரேன்" என்று சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. வரைந்ததை யார் பார்ப்பார்கள், பார்த்தபிறகு என்ன செய்வார்கள் என்று யோசிக்கவைத்தது இந்த வலைத்தளம்தான்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஜெர்மன்டவுன் என்று ஓர் ஊர். அங்கே ஃபிராங்க் வாரன், மருத்துவ ஆவணங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறு தொழில் நடத்திவந்தவர். 2004 நவம்பரில், தன் முகவரி அச்சிட்ட 3,000 போஸ்ட் கார்டுகளை வாஷிங்டன் வட்டாரத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு ரகசியம் எழுதி அனுப்புங்கள், அது உண்மையாக இருக்க வேண்டும், இதுவரை யாரிடமும் சொல்லாததாக இருக்க வேண்டும், பெயர் வேண்டாம். அவ்வளவுதான். வந்தவற்றைக் கண்காட்சியில் வைத்தார். அது முடிந்து, கார்டு கொடுப்பதை அவர் நிறுத்தியபிறகும் தபால் நிற்கவில்லை. ஜனங்கள் தாங்களே அட்டை வெட்டி, படம் ஒட்டி, வரைந்து, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். 2005 ஜனவரி 1 அன்று போஸ்ட்சீக்ரெட் வலைப்பூவைத் தொடங்கினார். ஞாயிறுதோறும் சில கார்டுகளை ஸ்கேன் செய்து போடுவார். விளம்பரம் கிடையாது. இதுவரை வந்த கார்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல்.

நம் ஊரில் துக்கச் செய்தி வரும் கார்டின் ஓரத்தில் கறுப்பு மை தடவியிருக்கும். படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். எங்கள் பாட்டி வாசலிலேயே கிழிப்பார். வாரன் ஊராருடைய துக்கத்தையெல்லாம் தன் வீட்டில் அடுக்கி வைத்தவர். அந்த மனசு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவர் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி உதவி மையத்தில் தன்னார்வலராக இருந்தவர். அங்கே பேசுகிறவர்களின் குரலைக் கேட்டுப் பழகியவர் என்பதால்தான் இந்தத் திட்டத்தைப் பத்திரமாக நடத்த முடிந்தது என்று நினைக்கிறேன். அந்தச் சேவை பணமில்லாமல் தடுமாறியபோது வாசகர்கள் கொடுத்தார்கள். இத்தனை வருடங்களில் தற்கொலைத் தடுப்புக்காக இந்தத் திட்டத்தின் மூலம் சேர்ந்த தொகை பத்து லட்சம் டாலருக்கு மேல்.

2010-இல் ஒரு கார்டு வந்தது. முறையான ஆவணங்கள் இல்லாமல் அமெரிக்காவில் வாழ்ந்த ஒருவர், தான் யாருக்கும் வேண்டாதவர் என்றும், வரும் கோடையில் உயிரை விடப்போவதாகவும் எழுதியிருந்தார். (எங்கே, எப்படி என்பதை நான் எழுதப்போவதில்லை. இதைப் பற்றி எழுதும் யாரும் அதைத் தவிர்க்க வேண்டும்.) கார்டு வெளியானதும், வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சி ஃபேஸ்புக்கில் ஒரு குழு உருவானது. முகம் தெரியாத ஒருவருக்காக ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள்.

1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஓர் உளவியல் ஆய்வு உண்டு. கல்லூரி மாணவர்கள் நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவங்களை எழுதினார்கள். அந்த அனுபவத்தோடு அப்போது எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பிந்தைய மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனசு இன்னும் கனத்துப்போயிருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். ஒரு பிள்ளையிடம் "உள்ளே இருப்பதை வெளியே கொட்டு" என்று சொல்லிவிட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

2011 செப்டம்பரில் போஸ்ட்சீக்ரெட் ஐபோன் செயலியாகவும் வந்தது. போனில் ஒரு படம், மேலே இரண்டு வரி, உடனே உலகத்துக்கு. ரகசியங்கள் வந்து குவிந்தன. கூடவே வக்கிரமும் மிரட்டலும் வந்தன. அந்த வருடக் கடைசியோடு செயலியை மூடிவிட்டார்கள். 99 சதவீதம் நல்ல மனதோடு வந்தவைதான், மீதி 1 சதவீதத்தைச் சமாளிக்கவே முடியவில்லை என்று வாரன் விளக்கினார். தபாலில் அனுப்ப வேண்டுமானால் அட்டை தேட வேண்டும், வெட்ட வேண்டும், பெட்டிவரை நடக்க வேண்டும். அந்தத் தாமதத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துத் தேர்ந்தெடுத்தார். செயலியில் அந்தத் தாமதமும் போனது, ஒருவரே எல்லாவற்றையும் படிப்பதும் முடியாமல் போனது.

இதை மனதில் வைத்துத்தான் எங்கள் லேபில் சிறிதாக ஒன்று தொடங்கினேன். கூகுள் ஃபார்மில் படம் ஏற்ற வேண்டுமானால் கணக்கில் நுழைந்தாக வேண்டும், ஆள் தெரிந்துவிடும். அதனால் ஒரு கம்ப்யூட்டரில் பொது ஃபோல்டர் ஒன்று வைத்தேன். போனிலோ கம்ப்யூட்டரிலோ கார்டு அளவில் ஒரு படம் செய்து, பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகலாம். போன் படங்களுக்குள் எடுத்த இடம், போன் மாடல் எல்லாம் பதிந்திருக்கும். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண் மட்டும் கொடுத்து, மூலத்தை அழித்துவிடுவேன். பிறகு நானும் கல்லூரி ஆலோசகர் மேடமும் சேர்ந்து படித்துவிட்டுத்தான் லேப் திரையில் ஓடவிடுவோம்.

முதலில் வந்தவை பாதி காதல், பாதி அரியர். அப்புறம் ஒன்று வந்தது. விரலால் போனில் வரைந்த எவர்சில்வர் தட்டு, வட்டம் சரியாக வராமல் மூன்று தடவை அழித்த தடம் அப்படியே இருந்தது. கீழே: "ஹாஸ்டல் சாப்பாடு நல்லா இருக்குனு அம்மாகிட்ட தினமும் சொல்றேன். ராத்திரி சாப்பிடறதே இல்ல, தனியா உக்கார முடியல." இரண்டு நாள் கழித்து அதே தட்டை யாரோ நகலெடுத்து, பக்கத்தில் இன்னொரு தட்டு வரைந்து போட்டிருந்தார்கள். "மெஸ்ல ஜன்னல் ஓரம் கடைசி டேபிள். நானும் தனியாதான் இருக்கேன். வா."

மேடம் அதைத் திரையில் முதல் படமாகப் போடச் சொன்னார்.

எல்லாக் கார்டுக்கும் இப்படிப் பதில் வராது. பயமுறுத்தும் கார்டு வந்தால், பெயர் இல்லாததால் நாம் அந்தப் பிள்ளையைத் தேடிப் போக முடியாது. அதனால் ஒவ்வொரு கார்டின் அடியிலும் 14416 என்ற எண்ணைச் சேர்த்துவிடுகிறோம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் எண்தான், ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் அதை முதன்முதலில் பார்த்தது இந்தக் கார்டுகளில்.

வேறு கல்லூரிகளில் இதைச் செய்ய நினைப்பவர்கள் தாராளமாக எடுத்துச் செய்யுங்கள், என் பெயரெல்லாம் வேண்டாம். முதலில் ஒரு ஆலோசகரைச் சம்மதிக்கவையுங்கள். அவர் கிடைக்கும்வரை ஃபோல்டரைத் திறக்காதீர்கள். வாட்ஸப் குழுவில் மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம், அதில் எண்ணும் தெரியும், ஃபார்வர்டும் ஆகும்.