ஸ்பெஷல் எடிஷன் கார்: கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

3 நவம்பர் 2025, திங்கள்

கோவையில் பம்பு மோட்டார் தயாரிக்கும் என் மாமா, தை பிறந்ததும் ஒரு ஜெர்மன் செடான் கார் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார். எந்தக் கார் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. அதே காரின் ஸ்பெஷல் எடிஷன் ஒன்றை, அதாவது சில மாற்றங்களோடு குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்யும் வகையை, நான்கு லட்ச ரூபாய் கூடுதலாகச் சொல்கிறார்கள்; அதை எடுப்பதா வேண்டாமா என்பதுதான் இப்போது அவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி. எனக்குக் கார்களின் மேல் இருக்கும் பித்து குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், இரண்டு விலைப்பட்டியல்களையும் எனக்கு அனுப்பிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அது அவர் பட்டறையில் நின்று சேர்த்த பணம் என்பதால், தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பார்ப்பதையும் படிப்பதையும் இங்கே தேதி வாரியாக எழுதி வருகிறேன்.

பட்டியல்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து வரிவரியாகப் படித்தேன். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக், டயரின் அளவு என ஓட்டத்தோடு தொடர்புள்ள எல்லாமே இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன. வேறுபடுபவை முன்பக்க வலையான கிரில் கறுப்பு நிறத்தில், கறுப்பு நிறப் பக்கக் கண்ணாடி மூடிகள், பின்புறம் சிறு இறக்கை போல ஒரு ஸ்பாய்லர், நிறம் மாற்றிய அலாய் வீல்கள், கதவைத் திறந்ததும் கால் வைக்கும் இடத்தில் எடிஷனின் பெயர் பொறித்த ஒரு தகடு, அப்புறம் பேட்ஜ்.

4 நவம்பர், செவ்வாய்

இன்று கணக்கு மட்டும். கடந்த செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு. அப்படியானால் ஷோரூம் விலையில் கூடும் நான்கு லட்சத்துக்குள்ளேயே ஏறத்தாழ 1,14,000 ரூபாய் வரியாக இருக்கிறது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரி 20 விழுக்காடு. அது இந்தக் கூடுதல் தொகையின் மேலும் விழும். ஆக, கிரிலைக் கறுப்பாக்கியதற்கும் பேட்ஜ் ஒட்டியதற்கும் அரசுக்கு ஒரு பங்கு கட்டிய பிறகுதான் கார் வீட்டுக்கு வருகிறது.

காப்பீட்டையும் பார்க்க வேண்டும். ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு, விலைப்பட்டியலில் உள்ள விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழிக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டு நிறையும்போது 15, இரண்டாண்டில் 20, மூன்றாண்டில் 30, நான்காண்டில் 40, ஐந்தாண்டில் 50. இந்த அட்டவணையில் ஸ்பெஷல் எடிஷனுக்கென்று தனி வரிசை கிடையாது. எத்தனை கார்கள் மட்டுமே செய்தார்கள் என்பது அங்கே கணக்கில் வராது. சாதாரண கார் தேயும் அதே வேகத்தில் இந்த நான்கு லட்சமும் தேய்கிறது.

7 நவம்பர், வெள்ளி

மாமாவும் நானும் ஷோரூமுக்குப் போய்க் காரை நேரில் பார்த்தோம். அழகான கார் என்பதில் ஐயமில்லை. அவர் பேட்ஜையோ வீல்களையோ கவனிக்கவில்லை. குனிந்து ஸ்பாய்லரின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார், அது ஒட்டப்பட்டிருக்கிறதா திருகப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். ஒட்டப்பட்டது என்றார்கள். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லிச் சிறிது நேரம் உள்ளே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, உள்ளே காயில் கட்டறது பழைய மாதிரியே கட்டிப்போட்டு, பாடிக்கு மட்டும் வேற பெயின்ட் அடிச்சு நான் மோட்டார் வித்தா, விவசாயி எங்கிட்ட வாங்குவாரா?" என்று கேட்டார். என் பதிலில் பாதியை அவரே சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில், பழைய சொகுசுக் கார்களை வாங்கி விற்கும் எங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் நின்றோம். இந்த வகைக் காரை விற்க வந்தால் என்னென்ன கேட்பீர்கள் என்று விசாரித்தேன். எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர், சர்வீஸ் முழுவதும் கம்பெனியிலா, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் உண்டா என்று வரிசையாகச் சொன்னார். எடிஷன் அந்த வரிசையில் இல்லை. நானாகக் கேட்ட பிறகு, நிறம் பிடித்த ஆள் அமைந்தால் சீக்கிரம் விற்கும், விலையில் பெரிய வேறுபாடு வராது என்றார்.

9 நவம்பர், ஞாயிறு

எண்ணிக்கையைக் குறைத்துச் செய்த கார்கள் எல்லாமே வெறும் அலங்காரம் என்று மாமா எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, இன்று அவருக்கு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான போர்ஷேயின் 911 ஆர் காரின் கதையைச் சொன்னேன். இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பாடம் சொல்லும் கார் அதுதான் என்பது என் எண்ணம்.

2013இல் வந்த 911 ஜிடி3 காரில் மேனுவல் கியரை எடுத்துவிட்டு இரட்டை கிளட்ச் தானியங்கி கியரை மட்டும் வைத்தார்கள். கையால் கியர் போட்டு ஓட்டுவதையே இன்பமாகக் கொண்டவர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். 2016இல் 911 ஆர் வந்தபோது, பந்தயச் சாயல் கொண்ட ஜிடி3 ஆர்எஸ் காரின் 4 லிட்டர், 500 குதிரைத்திறன் எஞ்சினையும் ஆறு வேக மேனுவல் கியரையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னால் பெரிய இறக்கை இல்லை, கூரை மெக்னீசியம், முன் மூடி கார்பன் ஃபைபர், எடை 1,370 கிலோ, அதாவது ஆர்எஸ் காரைவிட 50 கிலோ குறைவு. செய்தவை 991 கார்கள் மட்டுமே. அமெரிக்காவில் அதன் விலை 1,84,900 டாலர். வாங்கியவர்களில் சிலர் சில மாதங்களுக்குள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கத் தொடங்கினார்கள்.

பிறகு 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் புதிய ஜிடி3 வந்தது. அதே 4 லிட்டர் கொள்ளளவு, அதே 500 குதிரைத்திறன், விரும்பினால் மேனுவல் கியர். அதே ஆண்டின் பிற்பகுதியில், பின் இறக்கை இல்லாத டூரிங் வகையும் சேர்ந்தது. எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், ஏறக்குறைய அதே அனுபவம் வழக்கமான விலைக்குக் கிடைத்ததும் 911 ஆர் காரின் மறுவிற்பனை விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்களுக்குப் பெரிய அடி. ஆனாலும் இன்றுவரை அந்தக் கார் புதிதில் விற்ற விலைக்குக் கீழே போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். 991 என்ற எண்ணைக் காட்டி ஏற்றிய விலை, நிறுவனம் அடுத்த காரை அறிவித்த அன்றே ஆட்டம் கண்டது. எடையைக் குறைத்ததற்கும், அன்று வேறெங்கும் சேர்த்துக் கிடைக்காத எஞ்சினையும் கியரையும் சேர்த்ததற்கும் கொடுத்த விலை நின்றது.

12 நவம்பர், புதன்

வாங்கி உடனே விற்று லாபம் பார்ப்பதை நிறுவனங்களே விரும்புவதில்லை. ஃபோர்டு ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவோர் இரண்டு ஆண்டுகளுக்கு விற்க மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதை மீறி விற்றதற்காக மல்யுத்த வீரர் ஜான் சீனா மேல் 2017இல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது, மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. 2023இல் 1,963 கார்கள் மட்டும் அறிவிக்கப்பட்ட போர்ஷே 911 எஸ்/டி, அமெரிக்காவில் முதல் ஓராண்டுக்குக் குத்தகையாகத்தான் கிடைத்தது. இந்தக் கட்டுப்பாடுகள் சரியானவை என்றே நினைக்கிறேன். ஓட்டுவதற்காகச் செய்த காரைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பூட்டிவைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

15 நவம்பர், சனி

"இந்தியாவிலேயே ஒரு உதாரணம் சொல்லு" என்று மாமா கேட்டார். 2023இல் வந்த மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜி63 கிராண்ட் எடிஷனைச் சொன்னேன். உலகம் முழுவதற்கும் 1,000, இந்தியாவுக்கு 25, விலை 4 கோடி ரூபாய். மங்கலான கறுப்பு நிறம், தங்க நிற அடையாளங்கள், தங்க நிற 22 அங்குல வீல்கள். எஞ்சினோ சாதாரண ஜி63இல் உள்ள அதே 4 லிட்டர் வி8. பளபளப்பில்லாத அந்த மேட் பெயின்டில் இன்னொன்றும் இருக்கிறது. கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுக்க முடியாது, தேய்த்த இடம் பளபளவென்று தனியாகத் தெரியும். கதவோ பானெட்டோ, அந்தப் பாகம் முழுவதற்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சிறப்பு, பராமரிப்பிலும் கூடுதல் செலவு வைக்கிறது.

இதற்கு நேர் எதிராக நிற்பது 2003இன் பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல். சாதாரண எம்3 காரைவிட 110 கிலோ எடை குறைவு, திறன் 343இலிருந்து 360 குதிரைத்திறன். கூரை கார்பன் ஃபைபர், பின் கண்ணாடி மெல்லியது, டிக்கியின் தரை தேன்கூடு போல அடுக்கிய அட்டை. ஏ.சி.யையும் ரேடியோவையும் எடுத்துவிட்டு, வேண்டுமென்று கேட்டவர்களுக்கு மட்டும் வைத்துக் கொடுத்தார்கள். வசதிகளைக் குறைத்துவிட்டு விலையை ஏற்றுகிறார்களே என்று அன்று பலர் குறைபட்டார்கள். மொத்தம் 1,400க்கும் குறைவாகவே செய்த அந்தக் கார், இன்று நல்ல நிலையில் இருந்தால் புதிதில் விற்ற விலையைவிடக் கூடுதலாக விலை போகிறது. ஒரு காரைச் செய்து முடித்த பிறகு எந்தப் பட்டறையிலும் சேர்க்க முடியாத ஒன்றை அதில் வைத்திருந்தார்கள். கறுப்பு கிரிலை எந்த ஊரிலும் ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம்.

18 நவம்பர், செவ்வாய்

மாமா சாதாரண காரையே புக் செய்துவிட்டார். மிச்சமாகும் நான்கு லட்சத்தில் ஒரு பகுதியை நிறுவனமே தரும் நல்ல ஸ்பீக்கர்களுக்கும், அத்தைக்கு முதுகுவலி இருப்பதால் காற்றோட்டமும் இடுப்புத் தாங்கலும் உள்ள முன் இருக்கைகளுக்கும் ஒதுக்கச் சொன்னார். அவை தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரவேண்டும் என்பதால் டெலிவரி ஆறு வாரம் தள்ளிப்போகும் என்றார்கள், அதற்கும் சம்மதித்தார். கறுப்பு கிரில் மட்டும் அவருடைய மகனுக்குப் பிடித்திருக்கிறதாம். தனி உதிரிபாகமாக அதன் விலையை எழுத்தில் கேட்டிருக்கிறோம்.