எம்.பி.ஏ. படித்துவிட்டு டிரஸ்ட்டிலா இருக்கப் போகிறாய்?

"எம்.பி.ஏ. முடிச்சிட்டு ஏதாவது பேங்க்குக்குப் போவேன்னு பார்த்தா, இன்னும் அந்த டிரஸ்ட்லயே இருக்கப் போறியாம்மா?" என்று போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா கேட்டார். இலையில் பாயசம் விழுகிற நேரம், விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். 14 மாலை நேரப் படிப்பு மையங்கள், 410 பிள்ளைகள். மூன்று வருடத்துக்கு முன் வரவேண்டிய சி.எஸ்.ஆர். பணம் (கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று கொடுப்பது) தள்ளிப்போய், டீச்சர்களுக்கு இரண்டு மாதம் சம்பளம் கொடுக்க முடியவில்லை. மாதம் 4,500 ரூபாய் வாங்குகிற ஒரு அக்கா ஒருநாள் கூட விடாமல் வந்தார். ஒரு சாயங்காலம் கவனித்தேன், காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். "பரவாயில்லம்மா, பணம் வந்ததும் திருப்பிக்கலாம்" என்றார்.

அன்று ராத்திரி ஆபீஸில் கணக்கை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். கம்பியில் குத்திய வவுச்சர்கள், கம்ப்யூட்டரில் டாலி கணக்கு, ஆடிட் ஃபைல் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒரு ரூபாய் இடிக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, பணம் நின்றுபோனால் எத்தனை நாள் ஓட்டலாம் என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. அதற்காகத்தான் வார இறுதி எம்.பி.ஏ.வில் சேர்ந்தேன்.

மார்க்கெட்டிங் பாடம் பெரும்பாலும் சோப்பும் பிஸ்கட்டும்தான். என் கண்ணைத் திறந்தது காஸ்ட் அக்கவுண்டிங், அதாவது ஒரு வேலைக்கு உண்மையில் என்ன அடக்கச் செலவு என்று கணக்குப் போடுகிற பாடம். எங்கள் மையங்களையே அசைன்மென்ட்டாக எடுத்துக்கொண்டேன். நிதி கேட்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் ப்ரபோசலில் ஒரு பிள்ளைக்கு மாதம் 280 ரூபாய் என்று வருடக்கணக்கில் எழுதி வந்திருக்கிறோம். உட்கார்ந்து கூட்டினால் 415 வந்தது. வாடகை, ஆடிட் கட்டணம், மையம் மையமாகச் சுற்றுகிறவரின் பெட்ரோல் எதையுமே நாங்கள் சேர்க்கவில்லை. நிர்வாகச் செலவு என்று எழுதவே எங்களுக்குக் கூச்சம். மாதம் 55,350 ரூபாய் துண்டு விழுந்திருக்கிறது. அடுத்த மானியத்தின் முதல் தவணையை எடுத்து அதை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். அந்தத் தவணை தாமதமானபோதுதான் அக்காவின் தோடு அடகுக்குப் போனது.

அப்புறம், அரவிந்த் கண் மருத்துவமனை. ஹார்வர்டு எழுதிய கேஸ் ஸ்டடியாக அது வகுப்புக்கு வந்தது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டரின் ஒரு நிமிடமும் வீணாகாது. பணம் கட்டுகிறவர்களின் கட்டணத்தில் இலவச நோயாளிகளுக்கும் சிகிச்சை நடக்கிறது. என் ஆச்சி கண் முகாமிலிருந்து அவர்கள் பஸ்ஸில் போய் இலவசமாகப் புரை எடுத்துக்கொண்டு வந்தவள். அந்தக் கருணைக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது எல்லா ப்ரபோசலிலும் 415 என்றே எழுதுகிறேன். ஒரு நிறுவனம் அதிகம் என்று மறுத்துவிட்டது. இன்னொன்று ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டு, ஒப்புக்கொண்டது. வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்துவிட்டால் மீதி 15 சதவீதத்தை அறக்கட்டளை சேர்த்துவைக்க வருமான வரிச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நாங்கள் சேர்த்ததே இல்லை. இந்த மார்ச்சில்தான் முதன்முதலாக 14 டீச்சர்களின் ஒரு மாதச் சம்பளம் 63,000 ரூபாயை எஃப்.டி. போட்டோம். இரண்டாவது மாதத்துக்கு இன்னும் 11,000 சேர வேண்டும்.