காதலர் தினத்துக்கு டிசம்பரில் கவாத்து

பொங்கல் முடிந்தால் போதும், போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, ஒரு கட்டு ரோஜா முந்நூறு ரூபாய்க்குப் போகுதாமே, நாங்களும் அரை ஏக்கர் பாலிஹவுஸ் போடலாம்னு இருக்கோம்" என்று யாராவது கேட்பார்கள். டிவிக்காரர்கள் ஓசூர்ப் பக்கம் வந்து ரோஜாவைப் படம் பிடிக்கிற சீசன் இது. ஆடி மாதம் இங்கே ஒரு கேமராவையும் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஓசூரை அடுத்த தளி பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பசுமைக்குடில்) இருக்கிறது, முழுக்க தாஜ்மஹால் ரோஜா. இந்தச் சிவப்பு ரகம்தான் இந்தப் பகுதியில் பேர்போனது, இதழ் தடிமனாக இருப்பதால் பெட்டியில் அடைத்து அனுப்பினாலும் தாங்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பகலில் இருபத்தைந்து இருபத்தெட்டு டிகிரி, ராத்திரியில் நல்ல குளிர்ச்சி என்று ரோஜாவுக்கு வேண்டியது வருஷத்தில் பாதி நாள் சும்மாவே கிடைத்துவிடுகிறது. ஏசி, ஹீட்டர் எதுவும் கிடையாது. மேலே 200 மைக்ரான் ஷீட், பக்கவாட்டில் சுருட்டி ஏற்றி இறக்குகிற திரை, கீழே மேட்டுப்பாத்தி, சொட்டு நீர், அவ்வளவுதான்.

ஆனால் பிப்ரவரி 14 எங்களுக்கு டிசம்பர் பத்தாம் தேதி வாக்கிலேயே வந்துவிடும். கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட நாளிலிருந்து பூ வெட்ட நாற்பத்தைந்து முதல் ஐம்பது நாள். குளிர் கூடினால் இன்னும் நாலைந்து நாள் இழுக்கும். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகள் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் ஏறியாக வேண்டும், உள்ளூர்ச் சந்தைக்குப் பதின்மூன்றாம் தேதி கூடக் கொஞ்சம் லேட்தான். பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் டிசம்பர் நடுவில், செடியில் விற்கிற மாதிரி பூ இருக்கும்போதே அதை வெட்டித் தள்ள வேண்டும். முதல் வருஷம் எனக்குக் கை வரவில்லை. எங்களிடம் வேலை செய்கிற அக்காதான், "மார்கழியில எவன் தம்பி கல்யாணம் வைக்கிறான், வெட்டுங்க" என்று சொல்லிக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார். அவர் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். ஐந்து சிற்றிலை இருக்கிற இலையாகத் தேடி, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக ஒரே வெட்டு. உள்பக்கக் கணுவை விட்டால் கிளைகள் உள்ளே ஒன்றோடொன்று உரசிக்கொண்டு காற்றே போகாது, பிறகு டவுனி என்கிற அடிச்சாம்பல் நோய் வந்து உட்காரும். வெட்டிய வாய்க்கு மருந்து தடவ இன்னொருவர் பின்னாலேயே வருவார். தேறாத குச்சிகளை வெட்டாமல் நடைபாதைப் பக்கமாக மடக்கி விடுவோம், இதற்குப் பெயர் பெண்டிங். மடக்கியது செத்துப்போகாது, பூ கொடுக்காவிட்டாலும் இலை வைத்துக்கொண்டு வெயிலைச் சாப்பிட்டு, மேலே எழும்புகிற தடித்த தண்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு வருஷம் ஆள் கிடைக்காமல் கவாத்து ஒரு வாரம் தள்ளிப்போனது. ஒரு வாரம்தானே என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து மேகமூட்டம். பக்கத் திரையை மாலை நாலு மணிக்கே இறக்கிச் சூட்டைப் பிடித்து வைத்தும் பலனில்லை, மொட்டு அப்படியே நின்றது. கடைசியில் மொத்தப் பூவும் பதினாறாம் தேதி ஒன்றாக வந்தது. அறுபது சென்டிமீட்டர் தண்டு, முட்டை மாதிரி மொட்டு, அவ்வளவு அழகான பூ அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. இருபது பூ கட்டு அதற்கு முந்தின வாரம் விற்ற விலையில் கால்வாசிக்குக் கூடப் போகவில்லை.

விலை இல்லையென்று பறிக்காமல் விடவும் முடியாது, புதிதாக வருகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. நெல் என்றால் மூட்டை கட்டி வைக்கலாம். இங்கே மொட்டு விரிந்தால் நோய்க்கும் இலைப்பேனுக்கும் விருந்து, அடுத்த தளிரும் வராது. 2020 மார்ச் ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது நாங்கள் தினமும் காலையில் பூ வெட்டி, வண்டியில் ஏற்றி, நேராகக் குப்பைக் குழியில் கொட்டினோம். உரம், மின்சாரம், கூலி எதுவும் நிற்கவில்லை.

மானியம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பாதிச் செலவு வரை உண்டு, ஆனால் முதலில் நீங்கள் கட்டி முடிக்க வேண்டும், பணம் பிறகுதான். ஷீட்டை மூன்று நான்கு வருஷத்தில் மாற்ற வேண்டும், அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

உரத்தில் ஒரு விஷயம் மட்டும். கால்சியம் நைட்ரேட்டை சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே டேங்கில் கரைக்காதீர்கள். இதைத் தெரியாமல் ஒரு நாள் கலந்துவிட்டு, வெள்ளையாகத் திரிந்து சொட்டு நீர்க் குழாயெல்லாம் அடைத்து, இரண்டு நாள் ஆசிட் விட்டுக் கழுவினேன். ஏ டேங்க், பி டேங்க் என்று இரண்டு வைப்பது கம்பெனிக்காரன் டேங்க் விற்பதற்காக என்று நினைத்திருந்தேன்!

அப்புறம் மார்ச். காதலர் தினக் காசு கைக்கு வந்து சேரும் முன்பே வெயில் ஏறும், கூடவே சிவப்புச் சிலந்தி. மேலிருந்து பார்த்தால் இலையில் ஊசியால் குத்தியது போல வெளிறின புள்ளிதான் தெரியும். திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடியில் ஒரு ஊரே குடியிருக்கும், மெல்லிய வலையோடு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதைச் சாப்பிட்டே வளரப் பழகிவிடுகிறது. நான் இப்போதெல்லாம் முதலில் வெறும் தண்ணீரை இலையின் அடியில் படும்படி வேகமாகப் பீய்ச்சுகிறேன், அதிலேயே பாதி போய்விடும். டவுனி பயத்தினால் மழைக்காலத்தில் மட்டும் இது கூடாது.

இத்தனைக்கும் மேல் இப்போது மண்டபங்களில் பிளாஸ்டிக் பூ. ஒரு முறை வாங்கினால் நூறு கல்யாணம் பார்க்கும், அதற்குச் சிலந்தியும் வராது. அதனோடு எப்படிப் போட்டி போடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே பார்க்க வருகிறவர்கள் ஆடியில் வாருங்கள், டீ உண்டு. கணக்கு நோட்டையும் காட்டுகிறேன், பன்னிரண்டு மாதமும் இருக்கும். இந்த வாரம் யாரும் வராதீர்கள். மாட்டுப் பொங்கல் முடிந்து இன்றைக்குத்தான் ஆட்கள் திரும்பியிருக்கிறார்கள், மொட்டு பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் குல்லா மாதிரி வலைக் கேப் மாட்ட வேண்டும். முதல் இரண்டு பாத்தி முடிந்தது. அக்கா அங்கிருந்து குரல் கொடுக்கிறார், கேப் தீர்ந்துவிட்டதாம்.