அழித்த கோப்பின் பெயர் ஏன் இன்னும் தெரிகிறது?

கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தாயிற்று. 'சமீபத்தில் திறந்தவை' பட்டியலில் மட்டும் பெயர் அப்படியே நிற்கிறது. அங்கே இருப்பது கோப்பு அல்ல, அது எங்கே இருந்தது என்ற குறிப்பு. அந்தக் குறிப்பை எப்படி எழுதுவது என்பதில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு வழி.

எளிமையானது லினக்ஸின் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோம். உங்கள் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் '.லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ரீசன்ட்லி-யூஸ்ட்.எக்ஸ்பெல்'. வெறும் எக்ஸ்எம்எல், அதாவது குறிச்சொற்கள் கொண்ட உரை என்பதால் எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கும். கோப்பின் முழுப் பாதை, வகை, எந்தச் செயலி திறந்தது, எத்தனை முறை, எப்போது என எல்லாம் தெரியும். ஆனால் கோப்பைக் கண்டுபிடிக்க இருப்பது பாதை மட்டும்தான். மேலே உள்ள ஒரு கோப்புறையின் பெயரை மாற்றினாலே இணைப்பு அறுந்துவிடும். தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பாதையில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறியும் எண்-எழுத்துகளுமாக மாற்றி எழுதப்படுவதால் 'கடிதம்' என்ற பெயர் 54 குறிகளாக நீளும். அங்கே தமிழில் தேடினால் அகப்படாது.

லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈ தனக்கென ஒரு பட்டியலையும் வைத்திருக்கிறது. க்னோம் பட்டியலைத் துடைத்தால் அது துடைபடாது.

மேக் பாதையோடு நிற்பதில்லை. 'புக்மார்க்' என்ற தரவில் வட்டு அந்தக் கோப்புக்குத் தந்த எண்ணையும் வட்டின் அடையாளத்தையும் சேர்த்து வைக்கிறது. அதனால் அதே வட்டுக்குள் கோப்பை எங்கே நகர்த்தினாலும் பெரும்பாலும் திறந்துவிடும். மூன்றில் உருப்படியான ஏற்பாடு இதுதான்.

விண்டோஸில் குறிப்பு ஓரிடத்தில் இல்லை, அதுதான் தலைவலி. ரன் பெட்டியில் 'ஷெல்:ரீசன்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஷார்ட்கட்டுகள் நிறைந்த கோப்புறை திறக்கும். ஒவ்வொரு ஷார்ட்கட்டுக்குள்ளும் மூலக் கோப்பின் அளவு, நேரங்கள், வட்டின் வரிசை எண், பல சமயம் கணினியின் பெயர்கூட இருக்கும். பென்டிரைவைப் பிடுங்கிச் சென்ற பிறகும் எந்த டிரைவிலிருந்து என்ன திறக்கப்பட்டது என்று தடயவியலாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரீசன்ட்டாக்ஸ்' என்ற கிளை தனி. அங்கே கோப்பு வகைவாரியாகப் பட்டியல் பிரிந்திருக்கும்.

விண்டோஸ் 7-இல் வந்த ஜம்ப் லிஸ்ட், அதாவது டாஸ்க்பாரில் செயலியின் ஐகானை வலக்கிளிக் செய்தால் வரும் பட்டியல், இன்னொரு அடுக்கு. அதே ரீசன்ட் கோப்புறைக்குள் 'ஆட்டோமேட்டிக் டெஸ்டினேஷன்ஸ்' என்று ஒன்று உண்டு. கண்ணில் படாது, முகவரிப் பட்டையில் முழுப் பாதையையும் தட்டித்தான் நுழைய வேண்டும். செயலிக்கு ஒரு கோப்பு, பெயர் 16 இலக்கப் பதினறும எண் (எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்தது). இவற்றை மொத்தமாக அழிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அப்படியே செய்துவிடாதீர்கள். 'எஃப்01பி4டி95' என்று தொடங்கும் கோப்பு ஃபைல் எக்ஸ்ப்ளோரருடையது. அது போனால் எக்ஸ்ப்ளோரரின் குவிக் ஆக்சஸ் பட்டியலில் நீங்கள் பின் செய்த கோப்புறைகளும் சேர்ந்து போகும்.

வரலாற்றை மட்டும் துடைக்க, ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸில் 'பிரைவசி' பகுதியில் உள்ள 'கிளியர்' போதும். அதற்குப் பிறகும் வேர்டு, எக்ஸெலில் பழைய பெயர்கள் தெரியும். ஆஃபீஸ் தன் பட்டியலைத் தனியே வைத்திருக்கிறது. அதை அந்தந்தச் செயலிக்குள் போய்த்தான் நீக்க வேண்டும்.